நாலரைக் கட்டை பெட்ரோல்

14 ஜூலை 2025, திங்கள்

குழாய் சரிசெய்ய வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. மத்தியானம் சேப்பங்கிழங்கு ரோஸ்ட். மாலை காபி நேரத்துக்கு ஜலஜா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எழுதியதை மறுபடி படித்துப் பார்த்துவிட்டேன். பிழை இல்லை. இந்த வரிசையில்தான் நடந்தது.

சிவப்பு. இரண்டே இருக்கை. ஜெர்மனியில் பிறந்து, பாலவாக்கத்தில் ஒருவரிடம் வளர்ந்து, அவர் கனடாவுக்குக் கிளம்பியதால் அபிராமபுரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சுங்குடிப் புடவையோடு ஜலஜா அதிலிருந்து இறங்கினாள். இறங்கினாள் என்பது சரியல்ல. இருக்கை அவ்வளவு தாழ்வு. ஏறி வெளியே வந்தாள்.

"யாருது?" என்றேன்.

"நம்மளது."

முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் 'நம்மளது' என்ற சொல் என்னை இவ்வளவு பயமுறுத்தியதில்லை. மேல்வீட்டுக் கல்யாணராமன் காயப்போட்ட வேட்டியைக் கையில் பிடித்தபடி பால்கனியில் நின்றுவிட்டார். அவர் உள்ளே போய்விட்டாரா என்று இருட்டும்வரை எனக்குத் தெரியவில்லை. நானும் அசையவில்லை.

15 ஜூலை, செவ்வாய்

பணம் ஏது என்று நேற்று கேட்கவில்லை. இன்று அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"வைரத் தோட்டைக் கொடுத்துட்டேன். கச்சேரிக்குன்னு வாங்கினது. இனிமே எந்தக் கச்சேரி?"

கத்தி நிற்கவில்லை. நான்தான் நின்றேன்.

போன டிசம்பரில் மேல் ஸட்ஜத்தில் நிற்கும்போது அவள் குரல் பிளந்தது. கடைசி வரிசைக்கும் கேட்டது. மறுநாள் விமர்சனம் எழுதியவர் 'வயது' என்ற சொல்லை மிகுந்த மரியாதையோடு பயன்படுத்தியிருந்தார். ஆழ்வார்பேட்டை டாக்டர் தொண்டையில் சின்ன முடிச்சு என்றார், சரியும் செய்தார். "குரல் நன்றாக இருக்கிறது. சுருதியை மட்டும் ஒரு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

ஜலஜாவின் சுருதி ஐந்தரைக் கட்டை. பதினாறு வயதிலிருந்து அதே உயரம். சிலருக்குக் கதவிலக்கம் எப்படியோ, அப்படி. "அஞ்சரையிலேர்ந்து எறங்கிப் பாடினா அது ஜலஜா இல்லை. ஜலஜாவோட பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் பாட்டை நிறுத்தியவள்தான். தம்பூரா உறையோடு நிற்கிறது. சிஷ்யை வர்ஷினி வருகிறாள், காபி குடிக்கிறாள், போகிறாள்.

தோட்டை விற்பது என்றால்? கதவைச் சாத்தினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டிச் சாவியையும் விற்றிருக்கிறாள். கார் வந்த அதிர்ச்சி ஒரே நாளில் சிறிதாகிவிட்டது.

17 ஜூலை, வியாழன்

லிஃப்டில் கல்யாணராமன் துக்கம் விசாரிக்கும் குரலில், "என்ன மைலேஜ் தரது?" என்று கேட்டார்.

20 ஜூலை, ஞாயிறு

காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கம் வரை. பக்கத்து இருக்கையில் நான். எட்டெழுத்து மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஐந்தாவது எழுத்தில் திருவான்மியூர் பின்னால் போய்விட்டது.

"பயமா இருக்கா?" என்றாள்.

"இல்லை. ஆச்சரியமா இருக்கு."

பொய். இரண்டும்.

திரும்பும்போது அடையாறு பாலம் ஏறுகையில் எஞ்சினுக்குள் யாரோ கடலை வறுப்பது போல ஒரு சத்தம். ஜலஜா புருவத்தைச் சுருக்கினாள். மிருதங்கக்காரர் ஓர் அட்சரம் தள்ளிப் போட்டால் சுருக்குவாளே, அதே புருவம். ஏழு மாதமாக நான் பார்க்காத புருவம்.

24 ஜூலை, வியாழன்

பெட்ரோல் மூடிக்குள் 98 என்று ஒட்டியிருக்கிறது. அது ஆக்டேன். எண் குறைந்த பெட்ரோல் போட்டால் எஞ்சினுக்குள் தீ அவசரப்படும், கடலை வறுபடும், இழுப்பு குறையும். பாலவாக்கத்துக்காரர் கடைசியாகப் போட்டது சாதா.

"நீங்கதான் நாலும் படிக்கறவர். எந்தப் பெட்ரோல்னு பார்த்துச் சொல்லுங்கோ" என்று ஜலஜா இந்தத் துறையை என்னிடம் ஒப்படைத்தாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் காலம் தள்ளியவன், வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதியவன், அந்தப் பத்திரிகை மூடப்பட்டதை அதன் வாசகர்களுக்கு முன்பே அறிந்தவன். நான் பெட்ரோலைப் படிக்க உட்கார்ந்தேன். இணையத்தில் இதற்கென்றே சபைகள் இருக்கின்றன. ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் உரை எழுதுகிறார், மூன்றாமவர் இருவரையும் மறுக்கிறார். எல்லோருக்கும் அவரவர் எஞ்சின் மட்டுமே பிரமாணம். மூலத்தைப் படித்தவர் யாரும் இல்லை. பழகிய உலகம்தான்.

நம் ஊரில் எனக்குக் கிடைப்பவை மூன்று. லஸ் பங்கில் சாதா. கே.கே. நகரில் 'வேகா 97'. அடையாறில் ஒரே ஒரு பங்கில் 'ருத்ரா 100'.

26 ஜூலை, சனி

கல்யாணராமனிடம் யோசனை கேட்டது தவறு. அவர் ஓய்வு பெற்றது வேகா விற்கும் கம்பெனியில் இருந்து.

"ஓய் ஸ்ரீரங்கன், நூறுன்னு போட்டா நூறு ஆயிடுமா? எங்க வேகாவில க்ளீனிங் ஏஜென்ட் இருக்குங்காணும். எஞ்சினைத் தேச்சு விட்டுடும்."

"உங்க வண்டிக்கு அதான் போடறேளா?"

"என்கிட்ட ஏது வண்டி? மெட்ரோவில போறேன்."

பென்ஷன் தருகிற எண்ணெயே சிறந்த எண்ணெய் என்று அவர் நம்புகிறார். இதைவிடப் பலவீனமான காரணங்களுக்காக மனிதர்கள் காபிப்பொடிக் கடையை மாற்றாமல் இருந்திருக்கிறார்கள். எங்கள் குடும்பமே உதாரணம்.

2 ஆகஸ்ட், சனி

ராயப்பேட்டையில் அக்பர் பாஷாவின் ஒர்க்ஷாப். இந்த மாதிரி வண்டிகளை மட்டும் பார்ப்பவர். பானெட்டைத் திறந்து, அழகான குழந்தையைப் பார்த்த உறவினர் போலச் சிரித்தார்.

"எந்தப் பெட்ரோல் நல்லது பாய்?"

"சார், வேகா ஊத்து, ருத்ரா ஊத்து, உன் இஷ்டம். சாதா மட்டும் ஊத்திட்டு நிக்க வுடாத. அதுல எத்தனால் ஜாஸ்தி கீது. பழைய வண்டிக்கு ரப்பர் ட்யூப்லாம் ஊறிப்பூடும்."

"உங்களுக்கு எது பிடிக்கும்?"

"எனக்கு டீ புடிக்கும். வா, துன்னுக்கினே பேசலாம், பிஸ்கோத்து கீது."

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

சரியான வெயில். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, வாசல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஜலஜா உள்ளே உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. மயக்கமோ என்று ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"உஸ்" என்றாள். "கேளுங்கோ. அஞ்சரை."

"என்ன அஞ்சரை?"

"எஞ்சின். சும்மா நிக்கறச்சே அஞ்சரைக் கட்டையில நிக்கறது. எவ்வளவு கீழ இருந்தாலும் ஸ்தாயிதான் வேற. ஸ்வரம் அதே."

போனில் சுருதி காட்டும் செயலி இருக்கிறது. எஞ்சின் பக்கம் நீட்டினேன். ஐந்தரை. எனக்கு வேர்த்தது, ஏசி ஓடியும்.

உலகத்தில் எல்லோரும் பெட்ரோலை வேகத்தால் அளக்கிறார்கள். மயிலாப்பூர் வட்டாரத்தில் ஒருத்தி சுருதியால் அளக்கப்போகிறாள். சிரிக்க வேண்டிய விஷயம். பத்தி எழுதிய காலமாக இருந்தால் இரண்டு வாரம் ஓட்டியிருப்பேன்.

ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லையே. தான் இழந்த உயரத்தில் நிற்கும் ஒரு பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, உதட்டை இறுக்கி மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோட்டைக் கொடுத்து இதையா வாங்கியிருக்கிறாள்?

21 ஆகஸ்ட், வியாழன்

வேகா போட்டுப் பார்த்தோம். பாலத்தில் கடலை வறுபடவில்லை. இழுப்பு நன்று. சுருதி அதே ஐந்தரை. "ஆனா கொஞ்சம் ஜலதோஷம் பிடிச்சாப்ல இருக்கு" என்பது ஜலஜாவின் தீர்ப்பு. கல்யாணராமனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மைசூர்பாகு கொடுத்தனுப்பினார்.

7 செப்டம்பர், ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

பரம்பரை வைஷ்ணவன் அடையாறில் ருத்ராவுக்காக வரிசையில் நின்றேன். பெயர் வைத்தவருக்கு நாராயணா தோன்றாதது அவர் குற்றம். பிற்பகலில் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்ததால் நல்ல காற்று. ஜலஜா ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினாள். சோதிப்பதற்காகப் பாலத்தில் ஒரு முறை போய் வந்தோம். ஏறியதே தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி போன மாதிரி.

பெசன்ட் நகர் கடற்கரை ஓரம் நிறுத்தினோம். எஞ்சினை அணைக்காமல் கண்ணை மூடினாள். சட்டென்று திறந்தாள்.

"எறங்கிடுத்து."

"எது?"

"நாலரை. ஏன்னா, நாலரையில நிக்கறது. அசையாம நிக்கறது."

செயலியும் நாலரை என்றது.

அவள் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டினாள். பிறகு தனக்குத்தானே சொல்வது போல: "இருக்கறதிலேயே ஒசந்தது நூறு. அதைப் போட்டா எறங்கறது. அப்போ எறங்கறது குறை இல்லை போலருக்கே. நிதானம்."

அப்புறம் அந்த நாலரையைச் சோதிப்பதற்காக, வேறு எதற்காகவும் இல்லை, வாயைத் திறக்காமல் 'ம்' என்று ஒரு ஸட்ஜம் சேர்த்தாள்.

ஒன்பது மாதம் ஆகிறது அந்தக் குரலைக் கேட்டு. நான் சுண்டல் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். சுண்டல் விற்பவர் யாரும் அங்கே இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

ஏசி இல்லாமல், கண்ணாடி இறக்கி. "சத்தம் நன்னா கேக்கணும்" என்கிறாள். 'ம்' இன்று 'ஆ' ஆயிற்று. கீழ் பஞ்சமம் வரை போய்த் திரும்பினாள். நான் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பறவை வந்து உட்கார்ந்த கிளை எப்படி இருக்குமோ அப்படி.

20 செப்டம்பர், சனி

வர்ஷினி வந்தாள். இரண்டே இருக்கை என்பதால் நான் வீட்டில். அரைமணி கழித்துத் திரும்பி வந்தவள், சமையலறை வாசலில் என்னிடம் கிசுகிசுத்தாள். "மாமா, மாமி கார்ல வராளி ஆலாபனை பண்றா." நான் தெரியாதவன் போல, "அப்படியா, வண்டி நின்னுண்டு இருந்ததா, ஓடிண்டு இருந்ததா?" என்று கேட்டேன்.

25 செப்டம்பர், வியாழன்

ஒரு விபரீதம்.

அடையாறு பங்கில் ருத்ரா இருப்பு இல்லை. எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. முள் சிவப்பில். லஸ்ஸில் சாதாவைப் போட்டுக்கொண்டு வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, எஞ்சினைக் கிளப்பினாள். கண்ணை மூடினாள். சிரித்தாள்.

"பாத்தேளா? நாலரை. இதுக்குத்தான் ருத்ரா வேணுங்கறது."

தொட்டியில் இருப்பது சாதா. அது எப்படி நாலரை?

அவள் பாட ஆரம்பித்தாள். முழுசாக ஒரு பல்லவி. நான் ஒத்திகை பார்த்ததை விழுங்கினேன்.

27 செப்டம்பர், சனி

ஜலஜா பல் டாக்டரிடம் போயிருந்தபோது வண்டியில் தனியாக உட்கார்ந்தேன். எஞ்சின். செயலி. நாலரை. சந்தேகப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்தேன். ஏசியைப் போட்டேன். எஞ்சின் வேகம் காட்டும் முள் சற்றே எழுந்தது.

ஐந்தரை.

அணைத்தேன். நாலரை. போட்டேன். ஐந்தரை. அணைத்தேன். போட்டேன். வாட்ச்மேன் வந்து, "ஏதாச்சும் ரிப்பேரா சார்?" என்று கேட்கும்வரை.

அக்பர் பாஷாவுக்குப் போன் செய்தேன். "ஏசி போட்டா கம்ப்ரஸர் இழுக்கும்ல சார். எஞ்சின் நின்னுடக் கூடாதுன்னு அதுவா கொஞ்சம் ஏத்திக்கும். பெட்ரோல் இன்னா பண்ணும் பாவம்."

ஆக ஆகஸ்டில் வெயில், ஏசி, ஐந்தரை. செப்டம்பரில் மழை, காற்று, நாலரை. ருத்ராவுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

28 செப்டம்பர், ஞாயிறு

சொல்லலாமா?

உயர்ந்த பெட்ரோல்தான் இறக்கியது என்பதால்தான் அவள் இறங்கச் சம்மதித்திருக்கிறாள். டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை. நான் சொல்லிக் கேட்கவில்லை. நான் சொன்ன லட்சணம் அப்படி. "வயசானா எல்லாரும்தான் எறங்கறா" என்றேன். ஒரு வாரம் பேசவில்லை. இப்போது ஒரு எஞ்சின் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அது சொன்னது அதில்லை, ஒரு கம்ப்ரஸர் சும்மா இருந்தது, அவ்வளவுதான் என்று நான் போய்ச் சொன்னால் — மறுபடி உறை. மறுபடி காபி மட்டும்.

சொல்லாவிட்டாலும், ஒரு புழுக்கமான நாளில் அவளாக ஏசியைப் போடுவாள். தொட்டியில் ருத்ரா இருப்பதாக நினைக்கும்போதே ஐந்தரை கேட்கும். அவ்வளவுதான், முடிந்தது. சென்னையில் புழுக்கமான நாள் வராது என்று எதிர்பார்க்கும் அளவுக்கு எனக்குப் பக்தி இல்லை.

4 அக்டோபர், சனி

நான் இன்று செய்த காரியம் என்னையே திடுக்கிட வைக்கிறது.

"ஏசி கெட்டுப்போகணும்" என்றேன்.

அக்பர் பாஷா ஸ்பானரைக் கீழே வைத்தார். "இன்னா சார், நான் பொறந்ததுலேர்ந்து ரிப்பேர் பண்ணிக்கினு கீறேன். ரிப்பேராக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீதான். மெட்ராஸ்ல. ஏசிய."

காரணத்தைச் சொன்னேன். முழுவதும். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்தான். அப்புறம் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, நகத்தளவு ஒரு ஃபியூஸைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"மேடம் பாடட்டும். கேட்டா, கேஸ் லீக்காவுதுன்னு சொல்லு. எல்லாரும் அத்ததான் சொல்றான்."

5 அக்டோபர், ஞாயிறு

"கேஸ் லீக்காம்" என்றேன். "ஓஹோ" என்றாள்.

22 அக்டோபர், புதன்

ஐப்பசி அடைமழை. கண்ணாடியை இறக்க முடியாது. ஏற்றினால் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டே வருகிறேன். தி. நகர் வரை துடைத்தேன். பாண்டி பஜாரில் ஒரு சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் குனிந்து பார்த்து, "இன்னா நைனா, இத்தா பெரிய வண்டி, ஏசி இல்லியா?" என்றார். ஜலஜா காம்போதியை நிறுத்தாமல் சிரித்தாள். என் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. அவள் குரல் நனையவில்லை.

8 நவம்பர், சனி

வர்ஷினி கே.கே. நகரில் ஒரு சின்ன ஹாலில் இருந்து செய்தி கொண்டுவந்தாள். மார்கழி, பிற்பகல் நேரம், மாமி சம்மதித்தால். பயந்துகொண்டே சொன்னாள்.

ஜலஜா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். "யார் வயலின்?" என்றாள்.

அவ்வளவுதான். நான் மாடிப்படிவரை போய் நின்றுவிட்டு வந்தேன்.

9 நவம்பர், ஞாயிறு

தம்பூரா உறையில் இருந்து வெளியே. தந்திகளைத் தளர்த்திப் புதிதாகச் சேர்க்கிறாள். எதற்குச் சேர்க்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்டது. நாலரை.

24 டிசம்பர், புதன்

ஃபியூஸ் எங்கே வைத்தேன்? சட்டைப் பையிலா, கண்ணாடிக் கூட்டிலா? எங்கும் காணோம். போகட்டும். இல்லாமல் இருக்கும்வரை நல்லதுதான்.

27 டிசம்பர், சனி

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். தூணுக்குப் பின்னால். முகம் எப்படிப் போகும் என்று எனக்கே உத்தரவாதம் இல்லை.

மேடையில் வயலின்காரர் பழக்கத்தில், "அஞ்சரைதானே?" என்றார். ஜலஜா மைக்கைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். இரண்டாவது வரிசைக்குக் கேட்டது. "நாலரை." காதில் சின்ன முத்துத் தோடு. பிரதான ராகத்தில் மேல் ஸட்ஜத்துக்கு வந்தாள். நின்றாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவள் அங்கேயே நின்றாள், ஒரு வேலையும் இல்லாதவள் போல. பிளக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் கல்யாணராமன் கைக்குட்டையை எடுத்தார். அவருக்குச் சங்கீதம் தெரியாது.

முடிந்து வண்டியில் ஏறினோம். பட்டுப் புடவை, நெற்றியில் வேர்வை. நான் துண்டை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டேன். அடையாறு போய் ருத்ரா நிரப்பிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரம் எதுக்கு? போற வழியில வேகா போட்டுக்கலாம். கல்யாணராமன் மாமாவும் சந்தோஷப்படுவார்."

நான் மடியில் இருந்த துண்டை மறுபடி மடித்தேன்.

அவள் கைப்பையைத் திறந்து, நகத்தளவு எதையோ எடுத்து என்னிடம் காட்டினாள்.

"வாஷிங் மெஷின்ல போடறச்சே உங்க சட்டைப் பையில இருந்தது. என்னன்னு தெரியாம அக்பர் பாஷாகிட்டக் கொண்டு போய்க் காட்டினேன். எல்லாத்தையும் சொல்லிட்டார். நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்தார்."

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்னாடி."

தீபாவளிக்கு முன்னால். அதற்குப் பிறகுதான் அந்த ஐப்பசி அடைமழை. அதற்குப் பிறகுதான் அந்தக் கச்சேரிக்கு, கறிவேப்பிலை உருவிக்கொண்டே, 'யார் வயலின்' என்று கேட்டாள்.

"அப்போ நான் மழை பூரா துடைச்சுண்டு வந்தது?"

"அவ்வளவு ஆசையா துடைச்சேள். எதுக்குக் கெடுக்கணும்?"

டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு மூடியைத் தட்டித் திறந்தாள். ஃபியூஸை இருந்த இடத்தில் அழுத்தினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நாலரையில் நின்றது. அதோடு சேர்ந்து, கச்சேரியில் கடைசியாகப் பாடியதையே முணுமுணுக்க ஆரம்பித்தாள். முணுமுணுத்தபடியே கையை நீட்டி ஏசியைப் போட்டாள்.

குளிர்ந்த காற்று வந்தது. எஞ்சின் ஐந்தரைக்கு ஏறியது.

அவள் ஏறவில்லை.